போட்டோவில் ஒரு ஆள் ஜாஸ்தி

மூன்றாவது தடவை எடுத்த படத்திலும் சுனில் நின்றிருந்தான்.

ஓரமாகத்தான் நின்றிருந்தான். இருந்தாலும் குடும்ப போட்டோவில் வேன் டிரைவர் நின்றால், பார்க்கிறவர்கள் யார் இந்த ஆள் என்று கேட்க மாட்டார்களா? அதுவும் சும்மா நிற்கவில்லை. சடகோபனின் அம்மா தாட்சாயணி அவன் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தாள்.

“யம்மா, அவன் டிரைவரும்மா” என்றார் சடகோபன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“காலங்காத்தால பலமனேர்லருந்து புத்தூருக்கு வந்து, நம்மள ஏத்திக்கினு மலை ஏறிகிறான். ஒரு ஓரமா நின்னுட்டுப் போறான். உனக்கு இன்னாடா கொறஞ்சி போவுது?”

“ஏன், புத்தூர்ல வேனே இல்லியா?”

“உங்க நைனா இருந்தா அவனத்தான் கூப்ட்டிருப்பாரு.”

அது உண்மைதான். நைனா வெங்கடரமணன் நடமாட்டத்தோடு இருந்தவரை சனிக்கிழமை தவறாமல் பலமனேர் சந்தைக்குப் போவார். புத்தூர் கடைவீதியில் இல்லாத தக்காளியா? ஆனாலும் பலமனேர் தக்காளி மாதிரி வராது என்பார். கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஊர் பால் சொசைட்டியில் வேலை பார்த்தவர். பழகிய ஊரை விட மனசு வரவில்லை. நடக்க முடியாமல் படுத்த பிறகு, தக்காளிக் கூடையை இந்த சுனில்தான் வேனில் கொண்டுவந்து இறக்குவான். இறக்கினோமா, போனோமா என்று இருப்பானா? நைனாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசுவான். அம்மா தட்டு வைத்துச் சோறு போடுவாள். இடம் கொடுத்தால் இப்படித்தான், போட்டோவிலும் வந்து நிற்பார்கள் என்பது சடகோபனின் தீர்மானமான கருத்து.

வேறு நாளாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார். இன்றைக்கு முடியாது. மகள் பிரித்திகாவின் கல்யாணமே இந்தப் படத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏற்கெனவே இரண்டு இடம் வந்து கைநழுவிப் போயிருந்தது. இரண்டு வீட்டாரும் சொல்லிவைத்தது போலத்தான் பேசினார்கள். ஜாதகம் பொருந்துகிறது, பெண்ணைப் பிடித்திருக்கிறது, “ஊர்ல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு சொல்றோம்” என்றார்கள். அவ்வளவுதான். அப்புறம் போனையே எடுக்கவில்லை. சடகோபன் தூக்கம் கெட்டு யோசித்தார். வீட்டில் குடி கிடையாது, வம்பு வழக்கு கிடையாது. பெண் படித்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறாள். பின்னே என்னதான் குறை? கடைசியில் கண்டுபிடித்தேவிட்டார். போட்டோ! பழைய போனில் எடுத்து அனுப்பிய படத்தில் எல்லார் முகமும் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எவன் சம்பந்தம் பேச வருவான்?

உடனே புது போன் வாங்கினார். முதுகில் மூன்று கண் வைத்த போன். “இன்னாடா இது, கேஸ் அடுப்பாட்டம்?” என்றாள் அம்மா. வாங்கிய நாள் முதலாக வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. ஆவி பறக்கும் இட்லியை அவர் எடுத்து முடிப்பதற்குள் இட்லி ஆறிப்போகும். நிலாவை எடுத்தார். எதிர்வீட்டு எருமையை எடுத்தார். மனைவி வசந்தா ஜுரத்தில் முனகிக்கொண்டு படுத்திருந்தபோது, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அழகாக விழுகிறது என்று அதையும் எடுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது மூன்றாவது இடம், திருப்பதியிலேயே இருப்பவர்கள். வேன் மலை ஏறும்போதே மாப்பிள்ளையின் அம்மா காஞ்சனா கூப்பிட்டுவிட்டாள்.

“அண்ணா, எங்க பெரிய மாமா வந்துகிறாரு. அவரு சரின்னாதான் எங்க ஊட்ல எதுவும் நடக்கும். பெரியவங்கள வெச்சி குடும்பமா ஒரு போட்டோ அனுப்புங்க. பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடுங்கண்ணா, இன்னொரு எடமும் வந்து நிக்குது.”

நைனா போய் வருஷம் முடிந்து, மொட்டை போடத் திருமலைக்கு வந்த நாளில் இந்த அவசரம். சடகோபன் வேனின் முன்பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, டைமரை அமுக்கிவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நிற்பார். ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சு வாங்க நிற்பதற்குள் அம்மா சுனிலைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தியிருப்பாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எடுக்கிறவன் எப்படிப் படத்தில் வருவான்?

“சுனிலு, இந்தா, நீயே எடு.”

“நானா சார்? எனக்கு இந்த மாரி போன்லாம் தெரியாதே.”

“இந்த வட்டத்த அமுக்கு, போதும்.”

சுனில் அமுக்கினான். பயபக்தியோடு நிறைய தடவை அமுக்கினான். வாங்கிப் பார்த்தால் அத்தனை படத்திலும் சுனிலின் முகம். கேமரா எப்படியோ முன்பக்கம் திரும்பியிருந்தது. “கொஞ்சம் கிட்ட நில்லுங்கம்மா” என்று வாயைத் திறந்தபடி, அடர்ந்த மீசையோடு, திரை கொள்ளாத முகம்.

பிரித்திகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சடகோபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு ஓரத்துல நிப்பான்னு சொன்னே, இப்போ ஃபுல்லா அவன்தான் கீறான்!”

“அவன எதுக்கு வெளிய நிக்க வெச்சே? அதான்” என்றாள் அம்மா. “அவன் நிக்காத போட்டோல நானும் நிக்கல போ.” வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி அவளை இறக்க ஏழுமலையானே வந்தாலும் ஆகாது.

அம்மா இல்லாமல் போட்டோ அனுப்ப முடியாது, பெரியவர்கள் வேண்டுமே. அம்மா இருக்கிற படமோ முதலில் எடுத்தவை மட்டும்தான். அதில் சுனில். சடகோபன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைக்காரப் பையன் காட்டிக்கொடுத்தது ஒன்று ஞாபகம் வந்தது. இந்த போனில் வேண்டாத ஆளை அழித்துவிடலாம். விரலால் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும்.

போட்டார். போன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சுனில் இல்லை. அவன் நின்ற இடத்தில் ஒரு மரம் நின்றது. இந்தப் பதினைந்து வருஷத்தில் அவனை இவ்வளவு சுலபமாகப் போகச் சொல்ல முடிந்ததே இல்லை என்று சடகோபன் மனதாரச் சந்தோஷப்பட்டார்.

வசந்தா எட்டிப் பார்த்தாள். “அத்த கை இன்னா அந்தரத்துல தொங்குது?”

ஆமாம். சுனில் போய்விட்டான், அவன் தோளில் இருந்த அம்மாவின் கை போகவில்லை. காற்றின் மேல் வாஞ்சையாக அமர்ந்திருந்தது. சடகோபன் கையையும் சுற்றிக் கோடு போட்டார். போன் கையோடு சேர்த்து அம்மாவின் பாதித் தோளையும் துடைத்துவிட்டது.

“அய்யய்யோ, இத அனுப்பினா கெழவிக்கு ஒரு கை வெளங்காதுன்னு நெனச்சிக்குவாங்க” என்றாள் வசந்தா.

“நீ கொஞ்சம் சும்மா இருக்கறியா?”

பதற்றத்தில் முந்தின படத்துக்குத் திரும்பப் போனார். விரல் எங்கே பட்டதோ, அந்தரத்தில் கை தொங்கும் படம் காஞ்சனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அழிப்பதற்குள் பார்த்தும் விட்டாள். பார்த்த கையோடு கூப்பிட்டாள்.

“அண்ணா, படம் நல்லாகீது. ஆனா பாட்டிம்மா கை யாரு மேலயோ வெச்ச மாரி கீது, அங்க ஆளக் காணோமே? யாரண்ணா எடுத்துட்டீங்க? எங்க மாமா கேக்குறாரு.”

சடகோபன் அவசரமாகச் சமாளித்தார். “யாரும் இல்லம்மா. போன் புதுசு, அதுவா ஏதோ பண்ணிடுது. மொட்ட போட்டுக்கினு வந்து நல்லதா ஒண்ணு அனுப்பறேன்.”

“சீக்கிரம்ணா” என்று வைத்துவிட்டாள். குரலில் பழைய தேன் இல்லை.

சடகோபன் திரையை அப்படியே அணைத்தார். மொட்டை போடும் மண்டபத்துக்கு எதிரில் சந்தனக் கிண்ணத்தோடு கமலம்மா என்பவள் உட்கார்ந்திருந்தாள். பையையும் போனையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே ஓடினார். போட்டோ பேச்சு ஓய்ந்ததும் அம்மா தானாகவே வேனை விட்டு இறங்கினாள்; பெண்கள் மூவரும் காபி குடிக்கப் போனார்கள்.

நாவிதர் தலையை முடித்துவிட்டு, “மீசை?” என்றார். நைனாவுக்கான மொட்டை. அதில் மிச்சம் வைப்பதா? “எல்லாத்தையும் எடுங்க” என்றார் சடகோபன்.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வெளியே வந்து, கமலம்மா தலையும் முகமுமாகச் சந்தனத்தை அப்பிவிட, பரபரவென்று போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். போன் அவரை உற்றுப் பார்த்தது. முகம் பொருந்தவில்லை என்றது.

இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். சிரித்துக் காட்டினார். முறைத்துக் காட்டினார். பொருந்தவில்லை. விரலை வைத்தார், தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலை அது மதிக்கவில்லை. நம்பர் போட்டால் திறக்கும். அந்த நம்பரை வைத்துக்கொடுத்தது பிரித்திகா. அவருக்கு எங்கே தெரியும்?

“எம் போனுக்கே என்ன அடையாளம் தெரிலன்னா இன்னா அர்த்தம்?” என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார்.

“நான் பாக்கட்டுமா சார்?” என்று ஒரு குரல்.

திரும்பினார். ஒரு மொட்டைத் தலை நின்றுகொண்டிருந்தது. மீசையும் இல்லை. யாரென்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. சுனில்!

“உனக்கு எதுக்குடா மொட்ட?”

“எனக்கும் வருசம் முடிஞ்சிது சார்” என்றான் சுனில், தரையைப் பார்த்தபடி.

எந்த வருஷமோ, எவனுக்குத் தெரியும்? கேட்டுக்கொண்டிருக்க இதுவா நேரம்? “போன தொட்டுடாத, ஏற்கெனவே நீ பண்ணது போதும்” என்று அவனிடமும், “பாத்துக்கோம்மா, தோ வந்துட்டேன்” என்று கமலம்மாவிடமும் சொல்லிவிட்டு, மகளைத் தேடி ஓடினார்.

காபிக் கடையில் எங்கு பார்த்தாலும் மொட்டைகள். பிரித்திகா அப்பாவைப் பார்த்தாள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக் காபியை உறிஞ்சினாள். “நைனாடி!” என்று அவர் கத்திய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

கமலம்மாவின் முக்காலி மேல் போன் திறந்து கிடந்தது.

திரையில் அவர் கடைசியாக விட்டுப்போன அதே படம். சுனில் நின்ற இடத்தில் மரம். அம்மாவின் கை அந்தரத்தில். படத்தின் தலைமேல் காஞ்சனாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. பிரித்திகாதான் படித்தாள்.

“மாமா கெளம்பிட்டாருண்ணா. ஊர்ல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு சொல்றேன்னாரு.”

சடகோபன் நெற்றியில் அடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை. அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரித்திகா போனை அவர் கையில் வைத்தாள். “இதுக்கும் போட்டோதான் காரணம்னு சொல்லாத நைனா” என்றாள். வேனைப் பார்த்து நடந்தாள்.

வேனில் சுனில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். சந்தனம் பூசாத மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

யார் மேலாவது பாய்ந்தால்தான் தீரும் போலிருந்தது சடகோபனுக்கு. கமலம்மா அகப்பட்டாள்.

“இன்னாம்மா, உன்ன நம்பித்தான வெச்சிட்டுப் போனேன்? யாரு எம் போன நோண்டுனது? நம்பர் போட்டது யாரு?”

கமலம்மா சந்தனத்தைக் குழைப்பதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரும் நம்பர் போடல சாமி. சந்தனம் தெறிச்சிடுச்சின்னு தொடைக்கறதுக்கு உங்க அண்ணன் கைல எடுத்தாரு, அவரு மூஞ்சியப் பாத்துட்டு அதுவே தெறந்துகிச்சி.”