பிளம்பர் காலரில் சிவப்புக் கிளிப்

அன்புள்ள தம்பிக்கு அக்காள் எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலி குறையவும் உன் மனைவியின் பொறுமை குறையாதிருக்கவும் வேண்டுகிறேன்.

லத்தீன் முதல்நிலைத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பது வாங்கினால், "அக்காவுக்கு ஞாபகம் தப்புது, தனியா விடக்கூடாது" என்ற பேச்சை நீ விட்டுவிடுவது; வாங்காவிட்டால் நான் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு உன்னிடம் வந்துவிடுவது. இதுதானே நம் ஒப்பந்தம்? தேர்வு முடிந்தது. முடிவைக் கடைசியில் சொல்வேன். எட்டிப் பார்க்காதே.

எதற்கு இந்த வயதில் லத்தீன் என்றாய். கான்வென்டில் ஆறு வருடம் லத்தீனில் பாடினேன். ஒருநாள் பொருள் கேட்டேன், சிஸ்டர் முட்டி போட வைத்தார். முட்டி ஆறிவிட்டது, கேள்வி ஆறவில்லை. உன் அத்தான் போன பிறகு கேள்விகளுக்கு இந்த வீட்டில் இடமும் தாராளம்.

லத்தீனில் ஒரு பெயர்ச்சொல்லின் வாலை, அதாவது கடைசி எழுத்துகளைப் பார்த்துத்தான் அது செய்கிறதா, படுகிறதா, பெறுகிறதா என்று அறிய வேண்டும். நமக்கும் அப்படித்தான். "நாய் பூனையைத் துரத்தியது" என்பதை "பூனையை நாய் துரத்தியது" என்று மாற்றிச் சொன்னாலும் ஓடுவது பூனைதான். அவ்வளவு தூரத்து மொழிக்கு இது எப்படித் தெரிந்தது என்று யோசித்ததில் ஒருநாள் பால் பொங்கிப் போனது. அது மறதியில் சேராது. வால்கள் மனதில் நிற்கத் துணிக் கிளிப்புகளை எடுத்தேன். செய்கிறவருக்குச் சிவப்பு, படுகிறவருக்கு நீலம், பெறுகிறவருக்குப் பச்சை, உடையவருக்கு மஞ்சள். வீடு முழுக்க மாட்டினேன். குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர் குனிந்தபோது குழாய்க்கு நீலமும் அவர் காலருக்குச் சிவப்பும் மாட்டினேன். கழற்றத்தான் மறந்துவிட்டேன். மறுநாள் கிளிப்போடு வந்து நின்றார்.

"என்னம்மா இது? நேத்து நாலு வீடு ஏறி இறங்கினேன், ஒருத்தரும் சொல்லலை. எந்த வீட்டுக் கொடியில தொங்கிட்டு வந்தேன்னு பொண்டாட்டி கேக்குறா."

"வேலை செய்யறவர் நீங்க. அதான் சிவப்பு."

"குழாய் இன்னும் ஒழுகுதே. அப்ப ஒழுகற வேலையைச் செய்யறது அதுதானே? அதுக்குல்ல சிவப்பு மாட்டணும்!"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. மாற்றி மாட்டினேன். இதைத்தான் கீழ்வீட்டுத் தையல்காரி உனக்குப் போன் போட்டு, "உங்கக்கா ஆளுங்களுக்கெல்லாம் கிளிப் மாட்டுறாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

தேர்வன்று வாத்தியார் என் பையைத் திறந்து, "துணி காயப்போடறது மொட்டைமாடியிலம்மா" என்று கிளிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டார். கை வெறுங்கையாகிவிட்டது. உழவன், ராணி, ரோஜா என்று மூன்று பேரைக் கொண்ட வாக்கியம் வந்தது. கண்ணை மூடினேன். உழவனுக்குப் பிளம்பரின் முகம் வந்தது, சிவப்பு. ரோஜா நீலம். ராணியிடம்தான் மாட்டிக்கொண்டேன். "ரெகினே" என்றால் ராணிக்கு என்றும் ஆகும், ராணியுடைய என்றும் ஆகும். எழுந்து கேட்டேன்.

"சார், ராணிக்கு ரோஜா குடுக்கறானா, ராணியோட ரோஜாவை எடுத்து வேற யாருக்காவது குடுக்கறானா?"

"முப்பது வருஷமா இந்த உழவனை யாரும் சந்தேகப்பட்டதில்லம்மா. உக்காந்து எழுதுங்க."

இரண்டையும் எழுதினேன். கிடைத்தது நாற்பத்தொன்று. அந்த உபரி ஒன்று, உழவனைச் சந்தேகப்பட்டதற்காம்.

ஆகவே இந்த வீட்டை விட்டு ஓர் அங்குலமும் அசைய மாட்டேன். இனி அந்தப் பேச்சு நம்மிடையே வேண்டாம். உன் மனைவி மக்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஞாபகம் தப்பாத உன் அக்காள்

பி.கு.: இதுவரை படித்தது நிகழ்காலம் மட்டும். இறந்தகாலமும் எதிர்காலமும் இரண்டாம் நிலையில்தான் வருமாம். அந்த வகுப்பு இங்கே கிடையாது. விசாரித்தேன், உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நடக்கிறது. ஞாயிறன்று வருகிறேன், ஜன்னல் பக்கத்து அறையை ஒழித்து வை. நீ ஜெயித்துவிட்டதாக உன் மனைவியிடம் சொன்னாயோ, அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவேன்.