மச்சானைக் கள்ளனாக்கிய கார்

தகப்பனின் சாம்பலை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற மனுசனைப் பார்த்துக் கள்ளன் என்று சொல்லக்கூடாது. இது யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் சொன்னேன். அதுவும் கடலுக்கு நடுவே, ஸ்ரார்ட் வராத காருக்குள் இருந்துகொண்டு.

அப்போது நான் புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (இப்பவும் அதுதான். பிள்ளையளுக்கு இந்தக் கதை தெரியாதெண்டு நம்பிக்கொண்டிருக்கிறன்.) என் மனைவி வதனியின் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு பழைய யப்பான் கார் வாங்கினேன். எங்கள் ஒழுங்கைக்குள் கார் திரும்பாது. ஆகவே இறுப்பிட்டியில், மாமா இருந்த வீட்டில், வதனியின் தமையன் சிவநேசன் போட்டிருந்த கொட்டிலுக்குள் அதை விட்டுவைத்தோம்.

சிவநேசன் தோட்டக்காரர். அதிகம் பேசமாட்டார். அவரிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க, பெற்றோலில் ஓடுகிற மெஷின் ஒன்று இருந்தது. அந்த மெஷின்தான் என் மூளையைக் கெடுத்தது.

நாட்டில் பெற்றோலை அளந்து தந்த காலம் அது. கார் வாங்கி நாலைந்து மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு குடிக்கத் தொடங்கியது. ஒரு கிழமைக்குக் காணும் என்று நினைத்த பெற்றோல் மூன்றாம் நாளே முடிந்துவிடும். பின்னால் கறுப்புப் புகை. உள்ளே பெற்றோல் மணம். போதாக்குறைக்கு, ஸ்ரேறிங்குக்குப் பின்னால் என்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் லைற் எந்த நேரமும் எரிந்துகொண்டிருந்தது. அந்த லைற்றில்தான் ஏதோ பிழை என்று முடிவுகட்டி, அதற்கு மேலே ஒரு சின்னப் பிள்ளையார் ஸ்ரிக்கரை ஒட்டிவிட்டேன்.

பிறகு நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. காரைப்பற்றி எனக்குத் தெரிந்தது அத்தோடு முடிந்தது. மிச்சத்தைக் கேத்திர கணித முறைப்படி செய்தேன்.

தரவு: கார் நிற்பது சிவநேசன் வீட்டில். சிவநேசனிடம் தண்ணீர் மெஷின் இருக்கிறது. கடையில் பெற்றோல் இல்லை, ஆனால் அவருடைய வெங்காயம் பச்சையாக இருக்கிறது. நிறுவ வேண்டியது: மச்சான் பெற்றோல் களவெடுக்கிறார். கறுப்புப் புகைக்கும் வழி கண்டுபிடித்தேன். எடுத்த அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு நிரப்புகிறார்.

பின்னேரம் காரை விடும்போது பெற்றோல் முள் எங்கே நிற்கிறது, அடுத்த நாள் எடுக்கும்போது எங்கே நிற்கிறது என்று ஒரே ஒரு தரம் பார்த்திருந்தால் காணும். பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைச் செய்திருக்கும். நான் பார்க்கவில்லை. விடை கைவசம் இருந்தபடியால் கணக்கைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை காரில் சொட்டுப் பெற்றோல் இல்லை. மாமாவைச் சிவநேசன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். எழுபது வயது மனுசன், வீங்கின காலோடு, பஸ்ஸில். அன்றைக்கு நான் சிவநேசனைப் பார்த்த பார்வையை அவர் கவனித்தாரோ தெரியாது. அடுத்த மாதம் மாமா செத்துப்போனார். இருதயம் என்று டொக்டர் சொன்னார். எனக்கோ அந்த பஸ்தான் கண்ணுக்குள் நின்றது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி; சாம்பலைக் கடலில் கரைக்கக் கீரிமலைக்குப் போக வேண்டும். நான் கார் ஓடினேன். பக்கத்தில் வதனி. பின் சீற்றில் சிவநேசன், தலைமகன் என்றபடியால், வெள்ளைத் துணி கட்டிய சாம்பல் முட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வேலணைக்குப் போகிற தாம்போதியில், இரண்டு பக்கமும் கடல், எதிரே ஒரு லொறி வந்தது. ஒதுங்கி வேகத்தைக் குறைத்தேன். கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. நான் சாவியைத் திருப்பத் திருப்ப, பெற்றோல் மணம் கூடியதே ஒழிய என்ஜின் பிடிக்கவில்லை.

"பெற்றோல் இருக்கோ?" என்று சிவநேசன் பின்னாலிருந்து கேட்டார். யாரும் கேட்கக்கூடிய கேள்வி. நான்தான் ஒரு மாதமாக அதற்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அதை நீரெல்லோ சொல்லவேணும்."

"என்ன?"

"ராங்கிலை என்ன கிடக்கெண்டு உமக்குத்தானே தெரியும். எடுத்த அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டிருப்பீர்."

"இஞ்சருங்கோ, பேசாமல் இருங்கோ," என்றாள் வதனி.

நான் இருக்கவில்லை. "மாமா ஆராலை பஸ்ஸிலை போனவர்? தேப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற பெற்றோலை உறிஞ்சி வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்ச கள்ளன் நீர்."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கோபமே இல்லை. வகுப்பில் ஒன்றும் செய்யாத பிள்ளையை நான் பிழையாக எழுப்பி நிறுத்துகிற நேரம் அது முழிக்குமே, அந்த முழிதான். முட்டியை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையால் கதவைத் திறந்து இறங்கினார். கதவை அடித்துச் சாத்தவும் இல்லை.

"தங்கச்சி, ஐயர் பத்து மணிக்கெல்லோ வரச்சொன்னவர்," என்றுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

வதனியும் இறங்கினாள். "நீங்கள் உங்கடை காரோடை நில்லுங்கோ," என்றாள். பின்னால் வந்த யாழ்ப்பாண பஸ் அவர்களுக்கு நின்றது. முட்டியைக் கண்டதும் முன் சீற்றில் இருந்தவர் எழும்பி இடம் கொடுத்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மாமா திரும்பவும் பஸ்ஸில் போனார்.

நான் வெள்ளை வேட்டியோடு பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். (திறந்து என்ன பாக்கிறதெண்டு தெரியாது. சும்மா நிண்டால் வடிவில்லையே.) அரை மணித்தியாலம் கழித்து லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷின் ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்து, சரவணையில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டது. என் மாமனாரைக் கீரிமலையில் கரைத்த நேரம், நான் ஒரு பழைய ரயரில் குந்தியிருந்தேன்.

கராஜ்காரர் யோகண்ணை பாதி கடித்த பணிஸைக் கையில் பிடித்தபடியே வந்தார். முதலில் மணந்து பார்த்தார். பிளக்குகளைக் கழற்றினார். நாலும் அடுப்புக்கரி மாதிரி. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"ஒயிலுக்கையும் பெற்றோல் இறங்கியிருக்கு. லைற் ஒண்டும் எரியேல்லையோ மாஸ்ரர்?"

அவர் உள்ளே குனிந்து பார்த்து, பிள்ளையாரைப் பக்குவமாக உரித்தெடுத்து என் கையில் தந்தார். பிறகு ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து காரோடு கொழுவினார்.

"உங்கடை கார் இப்ப எத்தினை பாகை குளிரிலை நிக்குதெண்டு நினைக்கிறியள்?"

வெயிலில் தகரக் கூரை பொரிந்துகொண்டிருந்தது. "குளிரோ?"

"மைனஸ் நாப்பது எண்டு காட்டுது. என்ஜின் சூட்டைப் பாத்துச் சொல்லுற சென்சர் ஒண்டிருக்கு. அதின்ரை வயர் கழண்டு போச்சு. கார் தான் பனிக்கட்டிக்கை நிக்கிறன் எண்டு நினைச்சு, குளிருக்கெண்டு பெற்றோலை அள்ளி ஊத்துது. அவ்வளவும் எரியுமே?"

பணிஸை வாயில் வைத்துக்கொண்டு என்ஜினுக்குள் கைவிட்டார். "என்ஜினுக்குத் தண்ணி அடிச்சுக் கழுவினனீங்களோ?"

"ஓம். ஒரு வீடியோ பாத்திட்டு."

"அதிலைதான் கிளிப் உடைஞ்சிருக்கு. பிறகு ஆரோ நூலாலை கட்டிவிட்டிருக்கினம்."

வெளியே எடுத்துக் காட்டினார். பரீட்சைத் தாள் கட்டுகிற வெள்ளை நூல். என்னுடைய முடிச்சு. கழுவின அடுத்த கிழமைதான் கார் குடிக்கத் தொடங்கியது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப ஆரும் பெற்றோல் எடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எடுத்திருந்தால் பிரயோசனப்பட்டிருக்கும். இது புகையாத்தான் போயிருக்கு. உள்ளுக்கு இருந்த ஆக்களின்ரை நெஞ்சுக்கையும் கொஞ்சம் போயிருக்கும்."

பின்னேரம் இறுப்பிட்டிக்குப் போனேன். சிவநேசன் மொட்டையடித்த தலையோடு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். வதனி குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சென்சர், நூல், மைனஸ் நாற்பது. மன்னிப்புக் கேட்டேன். மாமாவை பஸ்ஸில் அனுப்பினது நான்தான் என்றும் சொன்னேன்.

அவர் மொட்டைத் தலையை ஒருக்கால் தடவினார். பிறகு, "அப்பாவுக்கு பஸ் தான் விருப்பம்," என்றார்.

"விளங்கேல்லை."

"உம்மடை காருக்கை பெற்றோல் மணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொருக்காலும் வந்து இறங்கினோடனை சத்தி. வைத்தியத்தாலை எண்டு நீர் நினைச்சனீர். பஸ்ஸிலை போன அண்டைக்கு மட்டும் சத்தி எடுக்கேல்லை. இனியும் இப்பிடியே போவமோ எண்டு கேட்டவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"மருமேன் எனக்கெண்டு வாங்கின கார், சொன்னால் மனம் நோகும் எண்டார். நானும் விட்டிட்டன்."

வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் ஒரு கோப்பை இருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. மணமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் சிவநேசன் அதில் ஏறுவதில்லை. நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறைக்குப் போனாலும், நாங்கள் காரில் போக அவர் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவார். கேட்டால் வெயில் நல்லது என்பார்.

எங்கள் வீட்டுக்கு வந்துபோகும்போது மட்டும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். படலையடியில் நின்று, சேட்டுப் பொக்கற்றையும் காற்சட்டைப் பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டி, "வடிவாப் பாத்துக்கொள்ளும் மாஸ்ரர், ஒண்டும் எடுக்கேல்லை," என்பார். வதனி விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே படலை வரை போவேன். அவர் பொக்கற்றை உள்ளே தள்ளிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைக்கும் வரைக்கும், நான் ஒவ்வொரு தரமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கிறது.