மறுபேச்சில்லாத நாற்காலி

"வாயை இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க. ஆ... அவ்வளவுதான். நேத்து ஆட்டம் பார்த்தீங்களா?"

ஒரு பல் டாக்டர் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே நியாயமில்லாத கேள்வி இதுதான். கன்னத்துக்குள் பஞ்சு, நாக்கோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், முகத்துக்கு நேரே கண்ணைக் கூசும் விளக்கு. இந்த நிலையில் பார்த்தேன் என்றும் சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர் "ஆ" என்றார்.

"பார்த்தீங்களா? நல்லது" என்றார் டாக்டர்.

இப்படித்தான் அவர் பல வருஷமாகப் பேசி வருகிறார். பந்தாட்டம், அரசியல், சினிமாப் பாட்டு மூன்றிலும் அவருக்கு ஆணித்தரமான கருத்துகள் உண்டு. வீட்டில் அவற்றுக்கு மதிப்பில்லை. வாயைத் திறந்தாலே மனைவி குக்கரை வைக்கப் போய்விடுவாள், மகள் காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். கிளினிக்கில் கதை வேறு. அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவரும் இதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நீதிபதி, கல்லூரிப் பேராசிரியர், எதிரணியின் தீவிர ரசிகர் என்று எல்லோரும் "ஆ" என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் ஊரே தன் கட்சி என்று அவர் மனதார நம்பிவிட்டார்.

இன்று அவருக்கு உற்சாகம் கூடுதலாகவே இருந்தது. காரணம் உள்ளூர் அணி. சின்ன வயதிலிருந்து அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். ஆனால் மைதானத்தில் அவருக்கு வாய்த்தது எப்போதும் தூணுக்குப் பின்னால் இருக்கும் கடைசி வரிசை இடம்தான். இப்போது அணிக்கென்று நிரந்தரமாக ஒரு பல் டாக்டரை வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். இவரும் விண்ணப்பம் போட்டிருந்தார். ஒருநாள் எங்கள் ஆள் வந்து உங்களைப் பார்ப்பார் என்று போனில் சொன்னார்கள். யார், எப்போது என்று சொல்லவில்லை. அந்த வேலை கிடைத்தால் ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு நேர் பின்னால் ஓர் இருக்கை. அதை நினைத்தாலே டாக்டருக்குத் தூக்கம் வருவதில்லை.

நாற்காலியில் இருந்தவர் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்த ஆள். பேச முடியாமல் விரலால் கடைவாய்ப் பல்லைக் காட்டினார். பார்த்ததில் சொத்தை. சுரண்டி அடைத்தால் போதும்.

மரத்துப்போகும் மருந்தை ஊசியில் நிரப்பித் தட்டில் வைத்துவிட்டு சிஸ்டர் முன்னறைக்குப் போனாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும் நோயாளி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லை, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அதைவிட நேத்து நம்ம கோல்கீப்பர் நின்னதைப் பார்க்கத்தான் எனக்கு வலிச்சுது. எப்படி நின்னான் தெரியுமா?"

எப்படி நின்றான் என்று காட்ட அவருக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. காட்டினார். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, பந்து நடுவே புகுந்து போனதும் திரும்பிப் பார்த்துத் திகைத்தது வரைக்கும் காட்டினார். நோயாளி கண்ணைத் திறக்கவே இல்லை. அது டாக்டருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. பிறகு கொக்கியை எடுத்துச் சொத்தையின் ஆழத்தைக் குத்திப் பார்த்தார். நோயாளி ஒரு துள்ளு துள்ளினார்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது. கொஞ்ச நேரத்துல வாய் மரத்துடும்."

மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவது அவர் வழக்கமில்லை. கோல்கீப்பரின் முந்தைய தவறுகளை வரிசையாகச் சொல்லி முடித்தார். பிறகு டிரில்லை எடுத்து அழுத்தினார்.

"இவனைக் கோல் வாசல்ல நிறுத்தறதுக்குப் பதிலா ஒரு கதவை நிறுத்தி வைக்கலாம். கதவாவது சாத்தியிருக்கும். என்ன சொல்றீங்க?"

"ஆ... ஆஆ!"

டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், இவ்வளவு உணர்ச்சியோடு ஒத்துக்கொண்ட ஆளை அவர் கண்டதில்லை. உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அவனை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான் என்று தெரியவில்லை, அந்தப் புண்ணியவானுக்குக் கண்ணே இல்லை என்றார். இந்த முறை நோயாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடுங்கிவிடுவதைப் போலப் பிடித்துக்கொண்டு அலறினார்.

அப்போது சிஸ்டர் உள்ளே வந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரின் காதருகே குனிந்தாள்.

"டாக்டர், இவரோட டிரைவர் வெளியில உட்கார்ந்திருக்கார். பேச்சு கொடுத்தேன். இவர்தான் அணியோட செக்ரட்டரியாம்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிரில் நின்றது. அந்தக் கோல்கீப்பரைக் கொண்டுவந்தவரே இந்தச் செக்ரட்டரிதான். ஊரே வேண்டாம் என்றபோது பிடிவாதமாகக் கொண்டுவந்தார் என்று பத்திரிகைகளில் எல்லாம் எழுதினார்கள். எந்தப் புண்ணியவானைக் கண்ணில்லாதவன் என்றாரோ, அந்தப் புண்ணியவான் அவர் கைக்குக் கீழேதான் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். அப்படியானால் இத்தனை நேரம் கேட்ட "ஆ" சம்மதமில்லை. கொதிப்பு.

டிரில்லைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"ஆனா ஒண்ணு சார். நிதானமா யோசிச்சுப் பார்த்தா அவன் மேல தப்பே இல்லை. அவன் நிக்க வேண்டிய இடத்துலதான் நின்னான். பந்துதான் போகக் கூடாத வழியில போச்சு."

நோயாளியின் உடம்பு தளர்ந்தது. கைப்பிடியை விட்டார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

டாக்டர் உள்ளுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டார். ஆள் இறங்கி வருகிறார். கோல்கீப்பரைக் கண்டெடுத்தவரின் தொலைநோக்கைப் பற்றியும் நான்கு நல்ல வார்த்தை சொன்னார். செக்ரட்டரி முகம் பச்சைப்பிள்ளையின் முகமாக அமைதியாகிவிட்டது.

சொத்தையோ பாதிதான் போயிருந்தது. மறுபடி டிரில்லை எடுக்க வேண்டும். சும்மா வேலையை மட்டும் பார்க்கலாம்தான். ஆனால் பேசாமல் பல்லைத் தொட அவருக்குக் கை வராது. ஆட்டம் ஆபத்து, அரசியலுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தார். அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்த முதல் மனிதர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

"நம்ம மேயரைப் பாருங்க. மைதானத்துக்குக் கூரை போடறேன்னு சொல்லி ஓட்டு வாங்கினார். கூரை எங்கே? அவர் வீட்டுக்குத்தான் போட்டிருப்பார்."

டிரில் சுழன்றது.

"ஆஆஆ!"

செக்ரட்டரியின் மூடிய கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கிக் காதுக்குள் போனது. டாக்டர் ஆடிப்போனார். ஒரு மேயருக்காகக் கண்ணீர் விடும் மனிதரை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மேயரும் செக்ரட்டரியும் தோளில் கை போட்டுச் சிரிக்கும் போஸ்டர் ஒன்று பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்தது. உயிர் நண்பர்களாக இருக்க வேண்டும்.

டிரில்லை நிறுத்தினார். மேயர் தங்கமான மனிதர் என்றார். கூரை இல்லாததால்தான் ரசிகர்கள் உடம்பில் வெயில் படுகிறது, எலும்புக்கு நல்லது, ஒரு டாக்டராக நான் சொல்கிறேன் என்றார். செக்ரட்டரி அடங்கினார். ஆனால் மூச்சு இன்னும் வேகமாகத்தான் வந்தது.

சிஸ்டர் மறுபடி உள்ளே வந்தாள். நாற்காலிப் பக்கம் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள், கண்ணை அகல விரித்தாள்.

"டாக்டர், அந்த..."

"தெரியும், தெரியும். அதான் சரி பண்ணிட்டிருக்கேன். நீ போ" என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் தயங்கி நின்றாள். அவர் கண்ணாலேயே துரத்தினார். போய்விட்டாள்.

இன்னும் ஒரே ஒரு ஓரம்தான் பாக்கி. ஆட்டம் போச்சு, அரசியல் போச்சு, மிச்சம் இருப்பது பாட்டு. பாட்டில் யாருக்கு என்ன பகை? அணிக்காக ஒரு பாடகி புதிதாகப் பாடிய பாட்டு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள்கூட முணுமுணுக்கின்றன என்று பாராட்டித்தான் ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு என்ற ஒன்று இருக்கிறதே.

"ஆனா அதைப் பாடினது அந்தப் பொண்ணா, மெஷினா? எனக்கென்னமோ என் டிரில் அதைவிடச் சுருதி சுத்தமாப் பாடும்னு தோணுது."

டிரில் பாடியது.

அன்று அந்தக் கட்டடத்தில் மேல் மாடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். செக்ரட்டரி இரண்டு கால்களையும் உயரத் தூக்கி உதைத்தார். டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது. பாடகி இவர் மகளா, மருமகளா, யார் பெற்ற பிள்ளையோ! பெஞ்சுக்குப் பின்னால் இருந்த அந்த இருக்கை கண்ணெதிரே மடங்கி மூடிக்கொண்டது. இனி ஆயுசு முழுக்கத் தூணுக்குப் பின்னால்தான்.

நல்லவேளை, சுரண்டும் வேலை முடிந்திருந்தது. டிரில்லைத் தூர வைத்துவிட்டு, அடைக்கும் பசையை விரலால் மெல்ல அழுத்தியபடியே மன்றாடினார். அந்தக் குரல் குயிலின் குரல் என்றார். தன் காதில்தான் கோளாறு, நாளைக்கே காட்டப் போகிறேன் என்றார். அதுவும் போதாது என்று அந்தப் பாட்டைத் தானே முணுமுணுக்கவும் செய்தார். செக்ரட்டரி சிறிது சிறிதாகச் சாந்தமானார். அடைத்து முடிக்கும்போது அவர் முகத்தில் உயிர் பிழைத்தவரின் நிம்மதி தெரிந்தது.

கடைசியாக டாக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவாக, "உண்மையைச் சொன்னா சார், எனக்குன்னு எந்தக் கருத்துமே கிடையாது" என்று சொல்லிப் பஞ்சை எடுத்தார்.

செக்ரட்டரி எழுந்து உட்கார்ந்தார். வாய் கொப்பளித்துத் துப்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேசாதீங்க சார்" என்றார் டாக்டர் பணிவாக. "வாய் கோணிக்கும், வார்த்தை குழறும். சாயங்காலம் வரைக்கும் சூடா எதுவும் குடிக்காதீங்க. நாக்கு வெந்தாக்கூடத் தெரியாது."

"அப்படியா? எனக்கு நல்லாத்தானே பேச வருது" என்றார் செக்ரட்டரி, மணி அடித்த மாதிரி.

விளையாட்டுக்காரர்களோடு பழகியவர், தேக பலம் அப்படி என்று டாக்டர் வியந்தார்.

"வேலை சுத்தம். அதுல ஒரு குறையும் இல்லை" என்றார் செக்ரட்டரி. "நான் யாருன்னு தெரிஞ்சிருக்கும். பல்லையும் காட்டிக்கலாம், ஆளையும் பார்த்துக்கலாம்னுதான் வந்தேன். நீங்க முதல்ல பேசினதைக் கேட்டதும் இவர்தான் நமக்கு வேணுங்கிற ஆள்னு முடிவே பண்ணிட்டேன். அந்தக் கோல்கீப்பரைக் கொண்டுவந்தது என் தப்பு. அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்ல எங்ககிட்ட ஒருத்தனும் கிடையாது. மேயர் விஷயமும் அப்படித்தான், போஸ்டர்ல சிரிக்கிறேனே தவிர அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அந்தப் பாட்டைக் கேட்டா நான் காரை நிறுத்தி இறங்கிடுவேன்."

பல வருஷத்தில் முதல்முறையாக டாக்டரின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை.

"ஆனா நீங்க ஒவ்வொண்ணையும் சொல்லிட்டு அடுத்த நிமிஷமே மாத்திட்டீங்க. கடைசியில கருத்தே கிடையாதுன்னுட்டீங்க. ஆமாம் சாமி போடறதுக்கு எங்ககிட்ட ஏற்கெனவே ஆள் நிறைய இருக்காங்க டாக்டர். பெஞ்சுக்குப் பின்னால இன்னொருத்தருக்கு இடம் இல்லை."

டாக்டரின் மனதில் இருந்த ஒரே கேள்வி வாயில் வந்துவிட்டது.

"அப்போ நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு இஷ்டம்தான்னா, ஒவ்வொரு தடவையும் ஏன் சார் அப்படி அலறினீங்க? நான் பயந்துபோய்த்தானே மாத்திச் சொன்னேன்?"

செக்ரட்டரிக்கு வெட்கமாகிவிட்டது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அதை வெளியில சொல்லிடாதீங்க. காலை ஒடிச்சுக்கிட்டாலும் சிரிக்கிற பசங்களோட இருக்கிறவன் நான். பல் டாக்டர்கிட்ட வர்றது இதுதான் முதல் தடவை, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போலன்னு தாங்கிக்கிட்டேன்."

"எப்படி இருக்கும்?" என்றார் டாக்டர், ஒன்றும் விளங்காமல்.

நாற்காலியைச் சுத்தம் செய்ய வந்திருந்த சிஸ்டர் பக்கத்திலிருந்த தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதைத்தான் டாக்டர் அப்பவே சொல்ல வந்தேன். ஊசி நான் நிரப்பி வெச்ச மாதிரியே இருக்கு. அடுத்தவருக்காவது முதல்ல இதைப் போட்டுட்டு, அப்புறமா பேச ஆரம்பிங்க."