சொல்லை வளைக்கும் அத்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது பழைய கதை. கூடம் கோணலாகவே இருக்கட்டும், 'நேர்' என்ற சொல்லுக்கு அர்த்தத்தை மாற்றிவிடுவோம் என்கிற புது இனம் ஒன்று இப்போது கிளம்பியிருக்கிறது. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் சொல்வளைப்பான். காட்டில் தேட வேண்டாம். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் லேப்டாப் பையுமாக, என் அக்காளையே கட்டிக்கொண்டு, ஒன்று எங்கள் குடும்பத்துக்குள் உலவுகிறது.

அத்தானுக்கு ஓர் இணையக் கம்பெனியில் விளம்பரப் பிரிவில் உத்தியோகம். மாதத்தின் முதல் திங்கள்கிழமை அங்கே ஒரு கூட்டம். மற்ற இடங்களில் எது பழுதோ அதைச் சரிசெய்யக் கூடுவார்கள். இங்கே எந்தச் சொல் இடிக்கிறதோ அதைச் சரிசெய்யக் கூடுவார்கள். 'அன்லிமிடெட்' என்றால் எல்லை இல்லாதது என்றா நினைத்தீர்கள்? பாவம். எல்லை எங்கே என்று உங்களிடம் சொல்லப்படாதது, அவ்வளவுதான். 'ஃபைபர்' என்றால் வீடு வரைக்கும் கண்ணாடி இழை வந்தாக வேண்டுமா என்ன? தெருமுனைப் பெட்டி வரை வந்தால் போதாதா? அதற்கப்புறம் இருபது வருஷப் பழைய செம்புக் கம்பி ஓடினால் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

தேர்தல் நெருங்கியபோது அமைச்சரே ஆள் அனுப்பினார். வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் என்று வாக்குக் கொடுத்திருந்தார் அவர். பாதி வீடுகளுக்கு அது போய்ச் சேரவில்லை. கேபிள் இழுக்க மூன்று வருஷம் ஆகும். அத்தானுக்கு மூன்று வரி போதும். 'அதிவேகம்' என்பதற்கான அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் நாடே அதிவேகத்தில் கண்விழித்தது. பாராட்டு விழாகூட நடந்தது.

போன மாதம் அத்தானின் மகளுக்கு மேற்படிப்புக்கான நேர்காணல், வீடியோவில். இரண்டு வருஷம் ராப்பகலாக அதற்குப் படித்தவள். குழு முதல் கேள்வியைக் கேட்டது, இவள் வாயைத் திறந்தாள், திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது. அத்தான் பதறிப்போய்த் தன் கம்பெனியின் புகார் எண்ணுக்கே போன் போட்டார். எடுத்த பெண் மரியாதையாகவே பேசினாள்.

"நாலு மணி நேரத்துக்கு மேல நெட் இல்லன்னாதான் சார் அது துண்டிப்பு. அதுக்குள்ளன்னா இடைவேளை. நீங்க இப்ப இடைவேளையில இருக்கீங்க."

அந்த வரையறையை எழுதியது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இணைப்பு திரும்பியபோது குழு எழுந்து போயிருந்தது. இனி அடுத்த வருஷம்தான். மகளின் அறை வாசலில் நின்று அத்தான் தொண்டையைச் செருமினார்.

"இதத் தோல்வின்னு எடுத்துக்கக் கூடாதும்மா. இது தள்ளிப்போன வெற்றி."

"நான் அழுறேன்ப்பா," என்றாள் அவள். "இதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன பேரு?"

அக்காதான் உள்ளே போய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நீங்கள் அத்தானை நினைத்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை ஆபீசிலிருந்து போன் வந்தபோது, 'பாதி வழி வந்துட்டேன் சார்' என்றீர்களே, அப்போது இடுப்பில் ஈரத் துண்டுதானே கட்டியிருந்தீர்கள்?