கார்டு வீட்டுத் தோட்டத்து ரயில்

ரயில்வே விதிகளை ஓர் எழுத்தும் பிசகாமல் கடைப்பிடித்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ரயில்வேயில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர்; இரும்பாலை ஒன்றில் லாரிகளை எடைபோடும் குமாஸ்தா. ஊர் அவரைக் ‘கார்டு’ என்றே அழைத்தது.

ஆலை கழித்த இரும்புப் பட்டைகளைத் தண்டவாளமாக்கி, தம் தோட்டத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்தில் பாதை போட்டிருந்தார். பழைய பம்புசெட்டு ஒன்று முழங்கால் உயர எஞ்சினாக மாறியிருந்தது. பின்னால் இரண்டு பெட்டிகள். குதிரைமேல் அமர்வதுபோல் அமர வேண்டும். பிளாட்பாரமான தென்னை மரத்தில் புறப்பட்டுத் தென்னை மரத்திலேயே முடியும் அந்தப் பயணத்துக்குக் கால அட்டவணையும் உண்டு. எஞ்சின் ஓட்டுபவரும் அவரே, கார்டும் அவரே. ஆகையால் தலைத்துண்டுடன் முன்னால் அமர்ந்து ஊதுவார். இறங்கி, பின்னால் நடந்து, தொப்பி அணிந்து, பச்சைக் கொடி காட்டுவார். ஓடிவந்து, தாம் காட்டிய கொடியைத் தாமே பார்த்துவிட்டதாகத் தலையசைப்பார். ஸ்டேஷன் மாஸ்டர் பதவி மட்டும் மனைவிக்கு. சமையலறைச் சன்னலில் இருந்த நெம்புகோலை அந்த அம்மாள் இழுத்தால், கம்பி வழியே பாதையோரக் கைகாட்டி சாயும்; சாய்ந்தால்தான் வண்டி அதைத் தாண்டலாம்.

ஊரில் அமையவிருந்த சிறுவர் பூங்காவில் இந்த ரயில் ஓட வேண்டுமென்று மூன்றாண்டுகள் மனுப் போட்டார் கார்டு. ஒரு சுற்று வந்து பார்த்து முடிவு சொல்வதாகப் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு காலையில் வந்து, முதல் பெட்டியைத் தம் உடலால் நிரப்பினார். இரண்டாவது பெட்டி காலியாக ஓடுவது இழுக்கு என்று, மெட்ராஸ் கல்லூரிக்கு ரயில் பிடிக்கக் கிளம்பிய என்னை அழைத்து அதில் அமர்த்தினார் கார்டு.

பாதிச் சுற்றில் வண்டி நின்றது.

“இன்னாப்பா, நின்னுட்ச்சு?” என்றார் தலைவர்.

“கைகாட்டி சாயல தலைவரே.”

அம்மாள் நெம்புகோலை இழுத்துக்கொண்டுதான் இருந்தார். கம்பியில் அவரைக்கொடி படர்ந்து இறுக்கியிருந்தது. அதைப் பிய்க்கத் தலைவர் கையை நீட்டினார்.

“சிக்னல் சாமான்ல பாசஞ்சர் கை வைக்கக் கூடாது.”

“யோவ், அது நீ நட்ட கைகாட்டிதானே! தாண்டிக்கினு போ!”

“யார் நட்டா இன்னா? சாயலன்னா சாயல. ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்துல குடுத்தா போலாம்.”

“நான்தான் சொல்றேனே, போய்த் தொலைங்க!” என்றது சன்னல்.

“இந்தாமே, வாயால சொன்னா செல்லாது. எழுது.”

“அடுப்புல பால் கீது, நான் பென்சிலுக்கு எங்க போவேன்?”

வெயில் ஏறியது. தகர இருக்கையின் சூட்டைத் தலைவர் பொதுவாழ்வின் தியாகமாகச் சிறிது நேரம் ஏற்றார். பிறகு எழுந்தார்.

“ஓடறதுக்குக் கட்னியா, நிக்கறதுக்குக் கட்னியா? பூங்காவுக்கு ஊஞ்சலே போதும்ப்பா.”

“பிளாட்பாரத்துலதான் எறங்கணும் தலைவரே” என்றார் கார்டு. அதற்குள் தலைவர் தெருவை அடைந்திருந்தார்.

சற்றுப் பொறுத்து அம்மாள், கரித்துண்டால் ‘போகலாம்’ என்று எழுதிய காகிதத்துடன் வந்தார். கார்டு அதை இருமுறை படித்தார்.

“டைம் போடலியே.”

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை வாங்கி, அவர் முதுகின்மேல் வைத்து நேரத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் கார்டுக்கு என் நினைவு வந்தது. “நீ எறங்கிக்கம்மா. மெட்ராஸ் வண்டி பூடும்.”

அந்த வண்டியின் ஊதல் நிலையத்துப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

“பிளாட்பாரம் வரட்டும் சார், எறங்கிக்கறேன்” என்றேன்.