வசவுக் காவடிக்கு மனம் புண்படவில்லை

திருப்பூரில் பனியன் நெய்தவர்களிலேயே முருகன்மேல் அதிகப் பிரியம் வைத்திருந்தவர் வசவுக் காவடி. முருகனை அதிகம் வைதவரும் அவரே. இதை மறுக்கிறவர் யாராவது இருந்தால் என் ஆபீசுக்கு வரலாம். காபி கொடுத்து, தோற்கடித்து அனுப்புவேன்.

குன்னத்தூரிலிருந்து ஒரு மாற்று வேட்டியோடு பஸ் ஏறி வந்தவன் நான். படிப்பு அஞ்சாம் கிளாஸ். இன்று முதலிபாளையத்தில் சொந்தக் கட்டிடம், சொந்த மெஷின். வெளிநாட்டிலிருந்து வருகிற பையர் என் முகத்தைப் பார்த்ததுமே பேரத்தைப் பாதியில் விட்டுவிடுவான். ஆளைப் பார்த்து எடை போடுவதில் எனக்கு ஈடு கிடையாது. அப்படிப்பட்ட என்னாலேயே எடை போட முடியாத ஒரே ஆள் அவர்.

அறுபதுகளில் நான் பனியன் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் அவர் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. அந்த மெஷினில் ஊசி ஒன்று உடைந்தால் போதும், துணி நெடுக ஓட்டை ஓடிவிடும். மற்றவர்கள் ஊசி உடைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இவர் பழனி இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்புவார்.

“ஏண்டா ஆண்டி, கண்ணை மூடிட்டா நிக்கறே? விடிஞ்சதிலிருந்து எத்தனை ஊசிடா ஒடைப்பே? கோவணத்தோட நிக்கறவனுக்குத் துணி நெய்யறவன் பாடு எங்கடா தெரியும்? ஊட்டுல ரெண்டு பொண்டாட்டி! ஒருத்தியாவது உனக்கு ஒரு துண்டு எடுத்துக் குடுத்தாளா?”

ஊசி உடையாத நாளில் இன்னும் மோசம். “என்னடா சத்தத்தையே காணோம்? செத்தவன் மாதிரித் தூங்கறயா?” என்று ஆரம்பிப்பார். பக்கத்து மெஷின்காரர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டார்.

“ஏனுங்க, வையறதுன்னா மெஷினை வையுங்க. சாமியை எதுக்குங்க வையறீங்க?”

“மெஷின் என்ன எனக்குச் சொந்தமா கண்ணு? அது முதலாளிது. அவன்தான் எனக்குச் சொந்தம்.”

தைப்பூசத்துக்கு எங்கள் காவடிக் கூட்டம் நடந்தே பழனிக்குப் போகும். முன்காவடி அவருடையது, அவர் அப்பா தூக்கியது, தாத்தா தூக்கியது. மற்றக் கூட்டங்கள் அரோகரா போட்டுக்கொண்டு நடக்கும். எங்கள் கூட்டமோ அவர் வைகிறதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நடக்கும். பல்லடம் தாண்டி, உடுமலை தாண்டி, மடத்துக்குளம் வந்த பிறகுதான் காலில் கொப்புளம் இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

ஒரு வருசம் காவடியில் ஒரு புதுப் பனியனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சின்னப் பையன் அளவு.

“இது யாருக்குங்க?” என்றேன்.

“அவனுக்குத்தான். மார்கழிப் பனியில மலைமேல வெத்து மார்போட நின்னுருக்கான். ஊருக்கெல்லாம் நெய்யறோம், அவனுக்கு ஒண்ணு நெய்யக் கூடாதா?”

மலைமேல் பூசாரி அதைக் கையில் வாங்கிச் சிரித்துவிட்டு, திருநீறு வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஆண்டிக் கோலத்துக்குப் பனியன் ஆகாதாம். இவர் சன்னதியைப் பார்த்து, “திமிரு புடிச்சவனே, சளி புடிச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்” என்றார். வரிசையில் நின்ற கூட்டம் கிடுகிடுத்துப்போயிற்று. பூசாரி மட்டும் இன்னொரு தடவை சிரித்தார்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு நாத்திகத் தோழர் இருந்தார். வேலை சலவைப் பட்டறையில் துணி வெளுப்பது. போடுவதோ கறுப்புச் சட்டை. ஒரு சாயங்காலம் முச்சந்தியில் மைக் கட்டி, முருகனையும் அவருடைய இரண்டு சம்சாரங்களையும் பற்றிக் கேலியாகப் பேசினார். எங்கள் காவடிக் கூட்டத்துக்குத் தலைவர் பஞ்சு மண்டிக்காரர். அன்னதானச் செலவு முழுக்க அவருடையது என்பதால் பேச்சும் முழுக்க அவருடையதே. பக்தர்களின் மனம் புண்பட்டுவிட்டது என்று போலீசில் புகார் கொடுத்துவிட்டார். அப்படிப் பேசினால் ஜெயிலில் போடச் சட்டமே இருக்கிறதாம். வழக்கும் பதிவாயிற்று.

சாட்சி தேடும்போதுதான் சங்கடம் தெரிந்தது. மனம் புண்பட்டவர்கள் யாரும் கூட்டத்துக்குப் போகவில்லை. போகாமலேயே புண்பட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருந்த ஒரே பக்தர் வசவுக் காவடி.

மண்டிக்காரர் எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து, அவரிடம் சொன்னார்: “கோர்ட்டுல வந்து, மனசு புண்பட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.”

“படலையேங்க.”

“படலைன்னா?”

“நல்லா வைவான்னு நெனச்சுத்தானுங்க போனேன். மேடைப் பேச்சு சப்புன்னு இருந்துச்சு. அதைவிட அதிகமா நான் தெனமும் ஷெட்டுல வையறேன். அவனை உள்ள போடற சட்டம் என்னை மட்டும் உட்டுருமுங்களா?”

“நீங்க பக்தியில வையறீங்க. அவன் பகையில வையறான்.”

“அது எதுன்னு போலீசுக்காரருக்கு எப்படிங்க தெரியும்? மேல இருக்கறவனுக்குத்தான் தெரியும். சூரனையே சமாளிச்சவன், ஒரு சலவைப் பட்டறைக்காரனைச் சமாளிக்க மாட்டானா? அவனுக்குக் காவலுக்கு ஏட்டய்யாவை நிறுத்துனா, அதுதானுங்க அவனுக்கு அவமானம்.”

மண்டிக்காரர் முகம் சிவந்துபோயிற்று. “சாட்சி சொல்லாட்டி, முன்காவடி வேற ஆளுக்குப் போகும். யோசிச்சுக்குங்க” என்று எழுந்துவிட்டார்.

யோசித்தார். கோர்ட்டுக்கு முந்தின இரண்டு நாளும் ஊசி உடைந்தபோது முருகனிடமே கேட்டார். “சொல்றா, பொய் சொல்லட்டுமா? உன் காவடி வேணும்னா உம்பேருல பொய் சொல்லோணுமாம். வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்.” பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

கோர்ட்டில் கூட்டமான கூட்டம். நானும் அரைநாள் லீவு போட்டுப் போயிருந்தேன். அரசு வக்கீல் கேட்டார்: “இவர் பேசியதைக் கேட்டு உங்கள் மனம் புண்பட்டதா?”

“இல்லீங்க சாமி.”

“கொஞ்சம்கூட?”

“ஒரு எடத்துல வருத்தமா இருந்துச்சுங்க. வள்ளி கதையைத் தப்பாச் சொல்லிட்டாரு. மத்தபடி ஒண்ணுமில்லீங்க.”

கூண்டில் நின்ற தோழரே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். சாட்சி விடவில்லை. மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கையைக் கூப்பி, “எசமானுங்களே, சாமியை வைதா ஜெயிலுன்னு ஒரு சட்டமே வேண்டாமுங்க. அப்படி வெச்சா என்னைய மொதல்ல புடிக்கோணும். நேத்துக்கூட அவனைப் பொறுக்கின்னு சொல்லிப்போட்டேன். அந்தச் சட்டத்தை எடுத்துப்போடுங்க” என்றார்.

“அதை நான் எடுக்க முடியாதய்யா. டெல்லியில்தான் எடுக்க வேண்டும்.”

“அப்படீங்களா? டெல்லிக்கு எந்தப் பஸ்சுங்க?”

கோர்ட்டே சிரித்தது. வழக்கு நிற்கவில்லை, தோழர் விடுதலை.

அவர் அன்று சாயங்காலமே நன்றி சொல்ல எங்கள் ஷெட்டுக்கு வந்தார். வசவுக் காவடி மெஷினை நிறுத்தாமலேயே சொன்னார்: “நன்றி கிடக்குது தோழரே. உங்களுக்கு வையத் தெரியலை. வையறதுக்கு ஒரு உரிமை வேணும். பழகாதவனை வைதா அதுல சுரத்து இருக்காது. மொதல்ல பழனிக்கு ஒருக்கா போயிட்டு வந்து அப்புறம் வையுங்க.”

 

அடுத்த தைப்பூசத்துக்கு முன்காவடியைத் தூக்கியவர் மண்டிக்காரரின் மச்சான். “இது நாயமில்லீங்க” என்று நான் எழுந்து சொன்னேன். “மடிக்க வந்தவன் நாயம் சொல்றயா? உக்காரு கண்ணு” என்றார்கள். அன்றைக்கு என் பேச்சு அவ்வளவுதான் பெறும்.

கொட்டு முழங்கக் கூட்டம் வசவுக் காவடியின் வீட்டைத் தாண்டித்தான் போனது. அவர் வாசலில் நின்று கும்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருசம் பல்லடம் போய்ச் சேர்வதற்குள்ளேயே எங்கள் எல்லோருக்கும் கால் வலித்தது.

திரும்பி வந்து ஷெட்டுக்குள் நுழைந்தேன். அவர் மெஷினில் ஊசி உடைந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவர் குனிந்தார், வேறு ஊசியைப் போட்டார், மெஷினை ஓட்டினார். அவ்வளவுதான். மறுநாளும் அப்படியே. மெக்கானிக்தான் பயந்துபோய் என்னிடம் கேட்டான், “பெரியவருக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களாண்ணா?” என்று.

எந்தச் சட்டத்தாலும் அடைக்க முடியாத வாயை ஒரு காவடியைப் பிடுங்கி அடைத்துவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

எழுபதுகளில் நான் தலையெடுத்தேன். அது எப்படி என்பது தனிக் கதை. கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். மண்டிக்காரர் காலமான பிறகு அன்னதானச் செலவு என் கைக்கு வந்தது. வந்ததும் நான் செய்த முதல் வேலை, நேராக வசவுக் காவடியின் வீட்டுக்குப் போய் நின்றது.

“முன்காவடி உங்களுதுங்க. வந்து தூக்குங்க.”

அவர் வந்தார். கிழவராகிவிட்டார்; ஆனாலும் தோளைக் கொடுத்தார். மடத்துக்குளம் வரைக்கும் ஒரு வசவாவது வரும் வரும் என்று நடந்தோம். வரவில்லை. சன்னதியில் அவரை முன்னால் விட்டு, நாங்கள் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ரொம்ப நேரம் உள்ளே பார்த்தபடி இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வாய் வரலை சாமி. வழக்கம் உட்டுப்போச்சு. இப்பப் பார்த்தா யாரோ பெரிய ஊட்டுப் பையனைப் பாக்கற மாதிரி இருக்குது.”

அதுதான் அவர் கடைசி நடை. ஆடியில் போய்விட்டார்.

இப்போதும் தைப்பூசத்துக்கு நான் போகிறேன். ஒரு சின்னப் பனியனை மடித்து மடியில் வைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் நெய்த அதே அளவுதான். மடிக்கிற வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சன்னதியில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், எனக்குத் தெரிந்த மாதிரி வைதுபார்க்கிறேன்.

“திமிரு புடிச்சவனே, அந்த மனுசன் அங்கதானே இருக்கறாரு? போய் நீயா மொதல்ல பேசு.”