இரண்டாம் பொருள்: கணவர்

ரொட்டிக்கடைக்காரர் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "முடிஞ்சுது! பதினோரு ஆபீஸ் அலையிற வேலையை ஒரே ஜன்னல்ல முடிச்சுட்டேன்" என்று மனைவியிடம் பெருமையடித்தார். வெளிநாட்டிலிருந்து அன்று துறைமுகத்தில் வந்திறங்கிய ரொட்டி அடுப்புக்காக, பதினோரு துறைக்கும் சேர்த்து ஒரே இடத்தில் போடும் 'ஒற்றைச் சாளர' சுங்க விண்ணப்பம் அது. பிறகு மாவு மூட்டையைப் பிரிக்கக் குனிந்தார். தையல் பிரிந்தது, குனிந்தவர் நிமிரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி நாத்தனாரோடு சுங்க அலுவலகத்தில் நின்றாள். கடையின் பழைய அடுப்பு விரிசல் விட்டு, பாதி ரொட்டியைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. வந்திறங்கிய பதினைந்து நாளில் எடுக்காவிட்டால் புது அடுப்பு ஏலத்துக்குப் போய்விடும். கடைக்கும் பூட்டுதான்.

"அவர் விண்ணப்பத்தை அவர்தான் திறக்கணும்மா. எங்களாலயும் முடியாது. ரகசிய எண் அவர் போனுக்குத்தான் வரும்" என்றார் குமாஸ்தா.

"போனைத் திறக்க அவர் விரல் வேணுமே!"

"அப்போ உங்க பேர்ல புதுசா ஒண்ணு போடுங்க. இறப்புச் சான்றிதழையும் சேர்த்துடுங்க."

நாத்தனார் கணினியில் கெட்டிக்காரி. அப்படித்தான் அவளே சொல்லிக்கொள்வாள்.

"அண்ணி, பொருள் பேர் போடாம சான்றிதழை வாங்க மாட்டேங்குது."

"அடுப்புக்குக் கீழே உங்க அண்ணனைப் போட்டுடு."

"புதுசா, பழசான்னு கேக்குதே?"

"இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். பழசுன்னு போடு."

பொருள் ஒன்று: அடுப்பு. பொருள் இரண்டு: கணவர், எண்ணிக்கை ஒன்று, பழையது. ஒரே ஜன்னலாயிற்றே! பதினோரு துறைக்கும் ஒரே நொடியில் பறந்தது. சுகாதாரத் துறை முந்திக்கொண்டு கேட்டது: 'இரண்டாம் பொருள் குளிரூட்டப்பட்டுள்ளதா?'

"எரிச்சாச்சுன்னு போடுடி!"

போட்டாள். சரக்கு எரிந்த விபத்துக்குத் தீயணைப்புத் துறை அறிக்கை கேட்டது.

மறுநாள் குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "அவரை நீக்கணும்னா, தயாரான நாடு எதுன்னு சொல்லணும்மா."

"எங்க பக்கத்துத் தெருதான்."

"உள்நாட்டுச் சரக்கா? அப்போ முதல்ல ஏற்றுமதி ஆனதுக்கு அத்தாட்சி வேணுமே!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணிக்கும் அடக்க முடியவில்லை. கணவர் போன பிறகு முதல் முறையாக வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"கடையை விட்டு நகராத மனுஷன். செத்த பிறகு வெளிநாடு போயிட்டு வரச் சொல்றாங்களே!"

குமாஸ்தாவும் சிரித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார்.

பதினைந்தாம் நாள், பெட்டியைத் திறந்து, உள்ளே கணவர் இல்லை என்று நேரில் பார்த்து எழுதிவிடலாம் என்று முடிவாயிற்று. மூவரும் கிடங்குக்கு ஓடினார்கள். மணி நான்கு. ஐந்து மணிக்கு ஏலப் பட்டியல் போய்விடும்.

கிடங்குக் காவலாளி காது குடைந்துகொண்டிருந்தார்.

"அடுப்புப் பெட்டியைத் திறப்பா. இந்தம்மாவோட வீட்டுக்காரர் உள்ள இல்லைன்னு பாக்கணும்" என்று குமாஸ்தா மூச்சு வாங்கப் புது விண்ணப்ப எண்ணை நீட்டினார்.

காவலாளி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணை வாங்கவில்லை. எழுந்துபோய், ஓரத்தில் இருந்த பெரிய பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டினார்.

"ரொட்டி அடுப்புதானே? இதுக்கு எதுக்கு இன்னொரு விண்ணப்பம்? உங்க வீட்டுக்காரர் போட்டாரே, அன்னைக்கே அரை மணி நேரத்துல, எடுத்துக்கிட்டுப் போகலாம்னு எனக்கு உத்தரவு வந்துடுச்சும்மா. அப்போலேருந்து இதே இடத்துலதான் இருக்கு. தூக்கிட்டுப் போகத்தான் ஆள் வரலை!"